எலும்புக்கூடு சுருங்குமா? இதய செல்லுக்குள் ஆக்டின்

கேள்வி: நம்பியூர் வாசகர், 3 ஜூன் 2024

அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து கூட்டிப்போனோம். ரத்தத்தில் டிரோபோனின் கூடியிருக்கிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். இப்போது தேவலை. அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததில் ஒரு குழப்பம். டிரோபோனின், ஆக்டின் இழை மேல் உட்கார்ந்திருக்கும் புரதமாம். அதே ஆக்டின் எல்லா செல்லுக்கும் எலும்புக்கூடு என்று இன்னொரு இடத்தில் போட்டிருக்கிறது. எலும்புக்கூடு எப்படிங்க சுருங்கும்? என் கணக்கில் இரண்டில் ஒன்று தப்பு.

3 ஜூன் 2024, இரவு 11:20

இரண்டும் சரிங்க. குழப்பியது ‘எலும்புக்கூடு’ என்ற சொல்தான். ஆக்டினை எலும்பாக நினைக்காதீர்கள், கயிறாக நினையுங்கள். உருண்டை உருண்டையான சின்னப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு புரி முறுக்கிய கயிறு மாதிரி நீளும். கயிற்றால் பந்தலும் கட்டலாம், தேரும் இழுக்கலாம். தோல் செல்லிலும் ஈரல் செல்லிலும் அது பந்தல் கயிறு. இதய செல்லில் தேர்வடம். மயோசின் என்ற புரதம்தான் வடம் பிடிக்கும் ஆள். அவிநாசித் தேரை நினைத்துக்கொண்டால் போதும். இரண்டு கயிறும் வேறு வேறு துறை, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

நான் கோவையில் ஒரு ஆய்வகத்தில் ஆறு வருடம் எலி இதய செல்லோடு குப்பை கொட்டியவன். இப்போது ஈரோட்டில் ரத்தப் பரிசோதனை வேலை. எங்கள் அப்பா சோமனூர்ப் பக்கம் எட்டு தறி ஓட்டினார். அதனால் எதைச் சொன்னாலும் நூலும் கயிறுமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4 ஜூன், காலை

சோமனூர் நண்பர் ஒருவர் விடிந்ததும் மடக்கிவிட்டார். “தேர் இழுக்கிறவன் வடத்தைப் பிடித்த இடத்தில் பிடித்தபடி நடக்கிறான். உங்க மயோசின் நடக்குதா?” என்கிறார்.

நடக்கவில்லை. தேர் உவமையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிணற்றில் நீர் சேந்துவதுதான் சரியான உவமை. ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறான், கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறான், கயிறு அவனை நோக்கி வருகிறது. மயோசின் மூலக்கூறுகள் சுமார் 300 சேர்ந்து ஒரு தடித்த கட்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. தலை ஆக்டினைப் பிடிக்கும், மடங்கும், விடும், அடுத்த இடத்தைப் பிடிக்கும். ஒரு இழுப்புக்குக் கயிறு நகர்வது ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு, அதுகூட வராது. கட்டின் இரண்டு முனையிலும் தலைகள் எதிரெதிராகப் பார்த்து நிற்பதால், இரண்டு பக்கத்துக் கயிறும் நடுவை நோக்கி வரும்.

அதனால் ‘ஆக்டின் சுருங்குகிறது’ என்று நேற்றைய கேள்வியில் தொனித்ததும் சரியில்லை. கயிறும் சுருங்குவதில்லை, கட்டும் சுருங்குவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிறது, அவ்வளவுதான். இதை 1954இல் நேச்சர் இதழின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதின. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, இன்னொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. பங்காளிகள் இல்லை. படிக்கும்போது நான் இரண்டு பேரையும் ஒருவராக்கித் தேர்வில் எழுதி வைத்தேன்.

6 ஜூன்

டிரோபோனினைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், கேள்வியே அதில்தான் தொடங்கியது.

கயிறு எப்போதும் வெறும் கயிறாக இருந்தால் மயோசின் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், இதயம் விரியவே விரியாது. அதனால் ஆக்டின் மேல் டிரோபோமயோசின் என்ற இன்னொரு மெல்லிய இழை படுத்துக்கொண்டு, பிடிக்கும் இடங்களை மறைக்கிறது. ஏழு ஆக்டின் உருண்டைக்கு ஒரு டிரோபோமயோசின், அதன் மேல் ஒரு டிரோபோனின் பூட்டு. பூட்டு மூன்று துண்டு: கால்சியத்தைப் பிடிக்கும் சி, தடுத்து நிறுத்தும் ஐ, டிரோபோமயோசினோடு கட்டிவைக்கும் டி. கால்சியம் வந்து சி-யில் உட்கார்ந்ததும் மறைப்பு சற்றே உருண்டு விலகும், மயோசின் பிடிக்கும். கால்சியம் போனால் மறுபடி மூடும். கைகால் தசையின் சி-யில் இந்த வேலைக்கு இரண்டு கால்சியம் இருக்கை, இதயத்தில் ஒன்றுதான். டிரோபோனினைக் கண்டெடுத்தவர் ஜப்பானின் செட்சுரோ எபாஷி, 1960களில். கால்சியமாவது தசையை ஆட்டிவைப்பதாவது என்று அவரைப் பலர் நம்பவில்லை.

கால்சியம் என்றதும் தண்ணீர்க் கதை ஒன்று. லண்டனில் சிட்னி ரிங்கர், தவளை இதயத்தை உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவைத்து 1882இல் எழுதினார். காய்ச்சி வடித்த நீரில் செய்த கரைசல் என்று நினைத்திருந்தார். பார்த்தால் உதவியாள் குழாய்த் தண்ணீரில் கலக்கியிருக்கிறார். உண்மையான வடிநீரில் கலக்கினால் துடிப்பு நின்றுபோகிறது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு, அதாவது கால்சியம்தான் இதயத்தை ஓட்டியிருக்கிறது. 1883இல் தன் கட்டுரையைத் தானே திருத்தி எழுதினார். அந்த ஆள் கோவையில் வேலை பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் ஆய்வகத்தில் பேசிச் சிரிப்போம். சுண்ணாம்பு குறைந்த சிறுவாணித் தண்ணியில் கலக்கியிருந்தால் கண்டுபிடிப்பு தள்ளிப்போயிருக்கும், போர் போட்ட சப்பைத் தண்ணியில் கலக்கியிருந்தால் தவளை இன்றைக்கும் துடித்துக்கொண்டிருக்கும்.

சிரித்ததற்குத் தண்டனையும் கிடைத்தது. வளர்ந்த எலியின் இதயத்தைத் தனித்தனி செல்லாகப் பிரிக்க முதலில் கால்சியம் இல்லாத கரைசலை ஓட்டவேண்டும். பிரிந்ததும் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நான் முதல் தடவை அவசரத்தில் மொத்தமாக ஊற்றினேன். மைக்ராஸ்கோப்பில் செங்கல் செங்கலாக, குறுக்கே கோடு போட்டு நீளமாகக் கிடந்த செல்கள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகச் சுருண்டு கடுகு உருண்டை ஆகிவிட்டன. கால்சியம் வெள்ளமாக உள்ளே போய் எல்லாப் பூட்டும் ஒன்றாகத் திறந்து, எல்லாக் கையும் ஒன்றாக இழுத்துவிட்டது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

9 ஜூன், ஞாயிறு

கறிக்கடையில் நின்றுகொண்டு யோசித்தது. மயோசின் இழுப்பதற்குச் சக்தி வேண்டும், ஏடிபி என்ற மூலக்கூறுதான் அந்தச் சக்தி என்று எல்லோரும் படித்திருப்போம். பாதி உண்மை. பிடித்த பிடியை விடுவதற்கே ஏடிபி வந்து தலையில் உட்கார்ந்தாக வேண்டும். ஏடிபி இல்லை என்றால் கை கயிற்றிலேயே பூட்டிக்கொள்ளும். செத்த உடம்பு விறைப்பது இதனால்தான்.

எங்கள் கடைக்காரர் அறுத்து உரித்துத் தொங்கவிட்ட ஆட்டுத் தொடையில் அங்கங்கே சதை துடித்துக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதில் இன்னும் ஏடிபி மிச்சம் இருக்கிறது. சில மணி நேரத்தில் தீர்ந்துபோய் விறைக்கும். அப்புறம் ஒருநாள் குளிரில் வைத்தால் மறுபடி இளகும். இங்கேதான் நான் பல வருடம் தப்பாக நினைத்திருந்தேன். பிடி விட்டதால் இளகுகிறது என்று. இல்லை, ஆக்டினும் மயோசினும் பிடித்தது பிடித்தபடியேதான் இருக்கின்றன. கயிறுகளின் அடிமுனையைக் கட்டிவைத்திருக்கும் முடிச்சுகளைத் தசையிலேயே இருக்கும் கால்பெயின் என்ற நொதி அறுக்கிறது. முடிச்சு அறுந்துதான் கறி மெத்தென்று ஆகிறது.

அந்த முடிச்சுக்கு இசட் தகடு என்று பெயர். எதிரெதிர்ப் பக்கத்து ஆக்டின் கயிறுகள் அங்கே வந்து நிற்கும், ஆல்ஃபா-ஆக்டினின் என்ற வேறொரு புரதம் அவற்றைக் குறுக்கே பிணைக்கும். ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகடு வரை ஒரு அறை, அதுதான் சார்கோமியர், நீளம் இரண்டு மைக்ரான் சொச்சம். தகட்டிலிருந்து மயோசின் கட்டின் நடு வரைக்கும் டைட்டின் என்ற ராட்சசப் புரதம் ஸ்பிரிங் மாதிரி ஓடுகிறது. நம் உடம்பில் அதைவிடப் பெரிய புரதம் கிடையாது.

10 ஜூன்

சைவ வாசகர்கள் இருவர் கோபித்துக்கொண்டார்கள். இனி கறி வராது. (வரும் என்றுதான் நினைக்கிறேன்.)

15 ஜூன்

நம்பியூர் வாசகர்: “ஆக்டின்தானே நிறைய இருக்கிறது, அதையே ரத்தத்தில் அளந்தால் என்ன?”

இது என் தொழில் என்பதால் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இதய ஆக்டினில் 375 அமினோ அமிலம். கைகால் தசை ஆக்டினிலும் 375. இரண்டுக்கும் நான்கே நான்குதான் வித்தியாசம். ரத்தத்தில் ஆக்டின் கிடந்தால் நீங்கள் மாடிப்படியில் விழுந்தீர்களா, நெஞ்சடைப்பா என்று சொல்லவே முடியாது. டிரோபோனின் ஐ அப்படி இல்லை. இதயத்தில் இருப்பதற்குத் தலைப்பக்கம் சுமார் 30 அமினோ அமிலம் கூடுதல், மற்ற இடங்களிலும் சிறு மாற்றங்கள். பரிசோதனையில் சேர்க்கும் ஆன்டிபாடி, ஒரு புரதத்தை மட்டும் தேடிப் பிடிப்பது, அதை அடையாளம் கண்டுவிடும்.

ஆனால் டிரோபோனின் கூடினாலே அடைப்பு என்று நினைத்து அலறாதீர்கள். சிறுநீரகக் கோளாறிலும் கூடும், மாரத்தான் ஓடி வந்தவருக்கும் கூடும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்பது அதற்குத்தான். “ஒரே நாளில் ரெண்டு தடவை ரத்தம் எடுத்துக் காசு பிடுங்குறாங்க” என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு.

23 ஜூன்

முதல் நாள் எழுதிய ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது: பந்தல் கயிறும் தேர்வடமும் வேறு வேறு துறை, சம்பந்தமில்லை என்றது. அவசரத்தில் எழுதியது. ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டுத் திருத்துகிறேன்.

பிறந்து ஓரிரு நாளான எலிக்குட்டியின் இதய செல்லைத் தட்டில் வளர்த்தால் மறுநாளே தானாகத் துடிக்கும். முதல்முறை பார்த்தபோது பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். ஆக்டினைப் பார்ப்பதற்கு ஃபாலாய்டின் சாயம். ஐரோப்பாவில் ஆளைக் கொல்லும் ஒரு காளானின் விஷம் அது. உதிரி ஆக்டினை விட்டுவிட்டுக் கயிறாகத் திரிந்த ஆக்டினை மட்டும் பிடித்துக்கொள்ளும். பச்சை ஒளிச்சாயத்தை அதில் கோத்துவிட்டால் கயிறெல்லாம் இருட்டில் மின்னும்.

தட்டில் இதய செல் மட்டும் இருக்காது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத் திசு செல்லும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். இதய செல் பெருகாது, இது பெருகும். ஒரு தடவை நான் ஊருக்கு நோம்பிக்குப் போய்விட்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் தட்டு முழுக்க இதுதான், பார்த்தீனியம் மண்டிய காடு மாதிரி. அழுகை வந்தாலும் வீணாக்குவானேன் என்று சாயம் போட்டேன். ஒரே தட்டு, ஒரே சாயம், ஒரே பச்சை. ஃபைப்ரோபிளாஸ்டில் ஆக்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துக் கட்டிய நீளக் கயிறுகள். பக்கத்திலேயே மிச்சமிருந்த இதய செல்லில் அதே ஆக்டின் வேட்டிக்கரை மாதிரி வரி வரியாக. அன்றைக்கு மனதில் பதிந்ததுதான் ‘இரண்டு துறை’.

திருத்தம் இதுதான். இதய செல்லுக்குள்ளேயே இரண்டும் இருக்கின்றன. உள்ளே அறை அறையாக இழுக்கும் ஆக்டின். ஓரத்தில், செல்லின் தோலான சவ்வுக்கு அடியில், கட்டிவைக்கும் ஆக்டின். இது கொஞ்சம் வேறு வகை, பீட்டா, காமா என்று பெயர். உள்ளே எவ்வளவு இழுத்தாலும் ஓரத்தில் கட்டு இல்லையென்றால் செல் உள்ளுக்குள்ளேயே கசங்குமே தவிர, இதயம் சுருங்காது. இசட் தகடுகள் செல்லின் தோலைத் தொடும் இடங்களில் வின்குலின், டாலின், இன்டெக்ரின் என்ற புரதங்களின் சங்கிலி ஒன்று, உள் இழுப்பை வெளிச் சவ்வுக்கும் அதைத் தாண்டியும் கொண்டுபோகிறது. விலா எலும்பு மாதிரி வரிசையாகத் தெரிவதால் அதற்குக் காஸ்டமியர் என்று பெயர் வைத்தார்கள். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதமும் அங்கேதான், ஒரு கையில் ஓரத்து ஆக்டின், மறு கையில் சவ்வுப் புரதம். 1987இல் அதைக் கண்டுபிடித்தார்கள். டூஷேன் தசைநோய்ப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போவது அதுதான். அவர்களுக்கு இழுக்கும் ஆக்டினும் மயோசினும் நன்றாகவே இருக்கும். கட்டு இல்லாமல் சவ்வு கிழிந்து கிழிந்து தசை வீணாகிறது, வருடங்கள் போகப் போக இதயமும்.

முதல் நாள் மயோசினைப் பற்றி அவ்வளவு எழுதியவன் முடிச்சைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பாடப்புத்தகமும் அப்படித்தான்.

24 ஜூன்

நேற்றைய குறிப்பில் விட்டது, செல்லும் செல்லும் சேரும் இடம்.

தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல், தீர்ந்தால் புதுப் பாவைப் பழைய பாவின் நுனியோடு பிணைக்கவேண்டும். ஒவ்வொரு நூலாக. எங்கள் வீட்டுக்குப் பிணைக்க வருகிற அக்கா தறிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, விரலைச் சாம்பலில் தொட்டு, பழைய நூல் நுனியையும் புது நூல் நுனியையும் சேர்த்து ஒரு திருகு திருகி விடுவார். கண் பார்க்காது, விரல் பார்க்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் சாம்பல் கிண்ணத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. பிணைப்பு தளர்ந்திருந்தால் தறி ஓடத் தொடங்கியதும் அச்சுக்கு வரும்போது பொட்டென்று அறும், அப்பா திட்டுவார்.

இதய செல்லின் இரண்டு நுனியும் அப்படித்தான் அடுத்த செல்லோடு பிணைந்திருக்கின்றன. கடைசி அறையின் ஆக்டின் கயிறுகளுக்கு அதற்குமேல் இசட் தகடு கிடையாது. நேராகச் செல்லின் சவ்வுக்குப் போகின்றன. அங்கே கேட்டனின், வின்குலின் என்ற புரதங்கள் அவற்றைப் பிடித்து, சவ்வை ஊடுருவி நிற்கும் என்-கேட்ஹெரின் என்ற புரதத்தோடு கட்டுகின்றன. சவ்வுக்கு அந்தப் பக்கம் அடுத்த செல்லின் கேட்ஹெரின், அதன் பின்னால் அதன் கேட்டனின், அதன் ஆக்டின். நூறு மைக்ரான் நீளச் செல்லில் ஒரு வரிசைக்கு ஐம்பது அறை என்று வைத்தால், ஐம்பது அறைக்கு ஒரு பிணைப்பு. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இழுபடுகிறது. பக்கத்திலேயே டெஸ்மோசோம் என்று இன்னொரு முடிச்சும் உண்டு. ஆனால் அது ஆக்டினைக் கட்டுவதில்லை, டெஸ்மின் என்ற வேறு இழையைக் கட்டுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு கருத்தரங்கில் எல்லோர் முன்னாலும் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக் கதை.

7 ஜூலை

மயோசினுக்கும் ஆக்டினுக்கும் நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறது, நம்மூருக்கு வேண்டிய ஆள்.

1970களின் தொடக்கத்தில் மயோசினைச் சுத்தம் செய்தபோது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த அழுக்குகளில் ஒன்றுக்கு சி என்று அடையாளம் போட்டார்கள். 1973இல் அது தனிப் புரதம் என்று எழுதினார்கள். பெயர் சி-புரதம் என்றே நிலைத்துவிட்டது. மயோசின் கட்டில் குறிப்பிட்ட வரிகளில் மட்டும் உட்கார்ந்திருக்கும். வால் மயோசின் கட்டையும் டைட்டினையும் இறுகப் பிடித்திருக்கும், தலை மிதந்துகொண்டிருக்கும். அந்தத் தலை சில நேரம் மயோசினைத் தொட்டு ‘பொறு’ என்கிறது, சில நேரம் ஆக்டினைத் தொடுகிறது. பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் சுரந்து, இந்தத் தலையில் பாஸ்பேட் ஒட்டும், பிடி மாறும், இதயம் வேகமாகச் சுருங்கி வேகமாக விரியும். வண்டி மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

2009இல் நேச்சர் ஜெனடிக்ஸில் ஒரு கட்டுரை வந்தது. இந்தப் புரதத்தின் மரபணுவில் 25 எழுத்து விடுபட்ட வடிவம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது, அவர்களுக்கு இதயத்தசை நோய் வர வாய்ப்பு கூடுகிறது என்றது. விடுபடுவதால் புரதத்தின் வால் முனை கெடுகிறது, அதாவது கட்டைப் பிடிக்கிற கை. மறுபடியும் பாருங்கள், முடிச்சு.

கட்டுரையின் முதல் பெயரைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேன். பெருந்துறை எஸ். தண்டபாணி. நான் தினமும் பஸ்ஸில் தாண்டுகிற ஊர். அவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

8 ஜூலை, காலை 6 மணி

ராத்திரிக்குள் பதினோரு பேர், “எனக்கு அந்த 25 இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது?”

வேண்டாங்க. நூற்றில் நான்கு பேரிடம் இருக்கிற ஒன்று எல்லோரையும் படுக்கவைப்பதாக இருந்தால் ஊரே காலியாகியிருக்கும். இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஒன்றும் தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். கூடவே வேறொரு மாற்றமும் சேர்ந்திருந்தால்தான் பாதிப்பு தெரிகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்லின. வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று போயிருந்தால் இதய மருத்துவரைப் பார்த்து எக்கோ எடுங்கள். அது போதும். நான் மருத்துவர் இல்லை, நேற்று எழுதிய விதமும் பயமுறுத்துகிற மாதிரிதான் இருந்தது.

மயோசின் கை, அளவுக்கு மீறி இழுப்பதாலும் நோய் வரும், அதையும் சொல்லவேண்டும். மயோசின் மரபணுவிலேயே ஒரு எழுத்து மாறி இதயச் சுவர் தடிக்கும் குடும்பங்களை 1990இல் கண்டார்கள். மயோசினைச் சற்றே அடக்கி வைக்கும் மாவாகாம்டென் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி கிடைத்தது. எல்லாமே முடிச்சுதான் என்று நேற்று நான் எழுதிய உற்சாகத்தை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

3 ஆகஸ்ட், ஆடி 18

பவானி கூடுதுறையில் காலையிலிருந்து கூட்டம், இப்போதுதான் வந்தேன். நம்பியூர் வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா இப்போது டீக்கடை வரை நடந்து போய் வருகிறாராம். இந்தப் பதிவுகளை அவருக்குப் படித்துக் காட்டியதில், “கிணத்துக் கயிறு செரி, ஆனா ராத்திரியும் சேந்திட்டே இருக்குமா?” என்று கேட்டாராம். இருக்குங்க அப்பா. ஒவ்வொரு இழுப்புக்கு நடுவிலும் கையை விட்டு விரிகிற நேரம்தான் அதற்கு ஓய்வு. நிதானமாகத் துடிக்கும்போது அந்த நேரம் இழுக்கிற நேரத்தைவிட அதிகம்.

சோமனூர் நண்பரும் விடவில்லை: “எங்க தறியில ஒரு பாவு முழுசாத் தீர்ந்தாத்தான் பிணைப்பு. ஐம்பது அறைக்கு ஒரு பிணைப்புன்னு ஓட்டுனா கூலி கட்டாதுங்க.”

கட்டாதுதான். அதிலும் இங்கே பிணைக்கும் புரதங்கள் நாள்கணக்கில் தேய்ந்து, உடனுக்குடன் புதிதாக வந்து உட்காருகின்றன, தறியை நிறுத்தாமலேயே.